“நீதான் எங்க இடிதாங்கி” என்று மேலாளர் சொன்னால் அது பாராட்டா?

கேட்டவர் ஆபீசுக்கும் ஆட்களுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் என்று நினைக்கிறேன். எனக்கும் இதே வார்த்தையைச் சொன்னார்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

கோத்தகிரி பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டில் 19 வருடம் பீல்டு கண்டக்டராக, அதாவது தோட்டத்தில் ஆட்களை மேற்பார்க்கிறவனாக இருந்தேன். மழை நாளில் இலை எடை போடும்போது ஈரத்துக்கென்று கிலோ கழிப்பார்கள். எவ்வளவு என்று ஆபீஸ் முடிவு செய்யும். தராசுப் பக்கம் நிற்பது நான். “நனைஞ்சு நனைஞ்சு பறிச்சது ஐயா, உங்க வீட்டு இலையா கழிக்கிறீங்க?” என்று வயதான ஒரு அம்மா சாக்கை என் காலடியிலேயே கவிழ்த்துவிட்டுப் போனார். அன்று மாலை மேனேஜர் தோளைத் தட்டி அந்த வார்த்தையைச் சொன்னார். வீட்டில் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

அப்புறம் இடிதாங்கி எப்படி வேலை செய்கிறது என்று ஃபேக்டரி எலக்ட்ரீசியன் அண்ணனிடம் கேட்டேன். “மேல நிக்கிற கம்பி பெருசில்ல தம்பி, மண்ணுக்குள்ள போற செம்புப் பட்டைதான் வேலை செய்யுது” என்றார். இடிதாங்கியைக் கண்டுபிடித்த பெஞ்சமின் பிராங்க்ளின் 1750களில் சொன்னதும் அதுதான்: உச்சியில் கூர்கம்பி, அங்கிருந்து தரைவரை உலோகப் பாதை. மின்னலை எங்கிருந்தோ இழுத்துவரும் என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். இழுக்காது, அந்தக் கட்டடத்தில் விழப்போவதை வாங்கி மண்ணுக்கு அனுப்பும். பட்டை போய் இறங்கும் எர்த் குழியின் மின்தடை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். எங்கள் மலையில் கொஞ்சம் தோண்டினாலே பாறை. மாசியில் மண் காய்ந்ததும் கரியும் உப்பும் போட்ட அந்தக் குழியில் அண்ணன் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுவார்.

ஆங்கிலத்தில், மற்றவர்மேல் விழ வேண்டிய கோபத்தைத் தன்மேல் வாங்குபவரையும் இப்படிச் சொல்வார்கள். நம் மொழியில் மத்தளத்துக்கு விழுவதும் இடி, பெரியவர் கண்டிப்பதும் இடித்துரைப்பது. அதனால் இன்னும் நன்றாகவே பொருந்துகிறது. சுமைதாங்கி என்றால் போதாதா என்பீர்கள். சுமைதாங்கிக் கல்லில் இறக்கியதை அவரவரே திரும்பத் தூக்கிப் போவார்கள். இடிதாங்கியில் விழுந்ததை யாரும் எடுக்க வரமாட்டார்கள், அது மண்ணில் இறங்கியே ஆக வேண்டும். உங்களிடம் ஆட்கள் கொட்டுவதை மேலே கொண்டுபோக வழி விட்டிருக்கிறார்களா? விட்டிருந்தால் பாராட்டுதான். எனக்கு விடவில்லை.

ஒரு சித்திரை மதியம் ஃபேக்டரிமேல் மின்னல் இறங்கியது. கூரைக்குப் பெயின்ட் அடித்தவர்கள் பட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்ப முடுக்கவில்லை; அண்ணன் இரண்டு முறை எழுதிக் கொடுத்திருந்தார். போக வழியில்லாமல் பக்கத்து இரும்புக் கைப்பிடிக்குத் தாவி மோட்டார் பேனலைக் கரியாக்கிவிட்டது. ஆள்சேதம் இல்லை. போல்ட் இருந்த இடத்தில் செம்பு உருகி மணிமணியாக உறைந்திருந்ததை விரலால் தடவிப் பார்த்தேன். விசாரணையில் பழியெல்லாம் அண்ணன்மேல் போட்டார்கள். நானும் அங்கேதான் நின்றேன், வாய் திறக்கவில்லை. மேனேஜரை மட்டும் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம்.

இப்போது சொந்தமாக அரை ஏக்கர் தேயிலை. என் இலைக்கும் ஈரக்கழிவு போடுகிறார்கள், எவ்வளவு என்று ரசீதில் எழுதுவதில்லை. விலையும் மாதம் முடிந்த பிறகுதான் தெரிகிறது. தராசில் நிற்கும் பையனை நான் திட்டுவதில்லை. கழிவை முடிவு செய்வது யார் என்று மட்டும் ஒவ்வொரு முறையும் கேட்கிறேன். அவனுக்கும் தெரியவில்லை.