பேசித் தப்பு செய்வதும் பேசாமலே இருப்பதும்

கேள்வி: ஒருவர் ஆணா பெண்ணா என்பதை அவரே தீர்மானிக்கலாமா என்ற பாலின அடையாள விவாதத்தில் ஒரு பக்கமாகவே செய்தி போட்டதால் பி.பி.சி.யின் தலைவரே ராஜினாமா செய்துவிட்டார். மக்கள் பணத்தில் நடக்கும் நிறுவனத்துக்கு இது தேவையா? எந்த வம்புக்கும் போகாமல் அடக்கமாக இருக்கும் நம் தூர்தர்ஷனும் ஆகாசவாணியும் எவ்வளவோ மேல் இல்லையா?
(ஒரு வாசகர், திருப்பாதிரிப்புலியூர்)

பதில்: முதலில் அந்த ராஜினாமா கதையைச் சரிசெய்துவிடுவோம். 2025 நவம்பர் 9 அன்று டைரக்டர் ஜெனரல் டிம் டேவியும் செய்திப் பிரிவின் தலைவி டெபோரா டர்னஸும் விலகியது உண்மை. ஆனால் அவர்களைச் சாய்த்தது டிரம்ப் விவகாரம். 2021 ஜனவரி 6 அன்று, அமெரிக்க நாடாளுமன்றக் கட்டடம் தாக்கப்பட்ட நாளில், அவர் பேசிய பேச்சில், ஏறக்குறைய ஒரு மணி நேர இடைவெளியில் வந்த வாக்கியங்களை வெட்டி ஒட்டி, ஒரே மூச்சில் சொன்னது போல 'பனோரமா' நிகழ்ச்சியில் காட்டியிருந்தார்கள். இதைச் சுட்டிக்காட்டிய குறிப்பை எழுதியவர் மைக்கேல் பிரெஸ்காட். பி.பி.சி.யின் செய்தித் தரக் குழுவுக்கு வெளியாளாக இருந்து ஆலோசனை சொன்னவர். டெலிகிராஃப் நாளிதழ் வெளியிட்ட அந்தக் குறிப்பில் அரபு மொழிச் சேவையின் காஸா செய்திகள் பற்றியும் புகார் இருந்தது, பாலின அடையாளம் பற்றியும் இருந்தது. நீங்கள் கடைசிச் சங்கதியை மட்டும் உருவி எடுத்து ராஜினாமாவோடு ஒட்டிவிட்டீர்கள். பனோரமாக்காரர்கள் செய்ததும் கிட்டத்தட்ட இதைத்தான்.

சரி, புகாருக்கு வருவோம். அது லேசான புகார் இல்லை. இந்த விஷயத்துக்கென்று தனியாக இருக்கும் நிருபர் குழு, மாற்றுப் பாலினத்தவரைப் பாராட்டும் செய்திகளைத் தாராளமாக விடுகிறது, சங்கடமான கேள்வி கேட்கும் செய்திகளை நகரவிடுவதில்லை என்பது அதன் சாரம். பி.பி.சி. ஒட்டுமொத்தமாகச் சார்புள்ள நிறுவனம் என்பது தவறு என்று டர்னஸ் போகும்போதும் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு என்னவோ, புகை சும்மா வரவில்லை என்றுதான் படுகிறது. ஓரினச் சேர்க்கையாளர், மாற்றுப் பாலினத்தவர் உரிமைக்காகப் போராடும் ஸ்டோன்வால் என்ற அமைப்பு இந்த விவாதத்தில் வெளிப்படையாக ஒரு தரப்பு. இவர்களைப் பணியிடத்தில் எப்படி நடத்துவது என்று நிறுவனங்களுக்கு ஆலோசனை சொல்ல அந்த அமைப்பு நடத்திய திட்டத்தில் பி.பி.சி. உறுப்பினராக இருந்தது. விமர்சனம் முற்றிய பிறகு, 2021 நவம்பரில்தான் வெளியே வந்தது. விவாதத்தில் வாதாடுகிறவரிடமே நற்சான்று வாங்கி மாட்டிக்கொண்டு, 'நாங்கள் நடுவர்' என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் மூடி மறைத்தார்கள் என்றே முடித்துவிடவும் முடியாது. லண்டன் டாவிஸ்டாக் மருத்துவமனையில் சிறுவர் சிறுமியருக்குப் பருவ வளர்ச்சியைத் தள்ளிப்போடும் மருந்து கொடுப்பது பற்றி 2019 முதலே தோண்டித் தோண்டிச் செய்தி சொன்னது பி.பி.சி.யின் 'நியூஸ்நைட்' நிகழ்ச்சிதான். அந்த மருந்துகளுக்கான ஆதாரம் பலவீனமானது என்று, இங்கிலாந்தின் அரசு சுகாதாரச் சேவைக்காக ஆராய்ந்த டாக்டர் ஹிலாரி காஸ் அறிக்கை கொடுத்தது 2024இல். அதற்கு நடுவே 2021 அக்டோபரில், திருநங்கையர் சிலர் தங்களை உறவுக்கு வற்புறுத்துகிறார்கள் என்று லெஸ்பியன் பெண்கள் சொன்ன புகாரை வைத்து ஒரு கட்டுரை போட்டார்கள். அதற்கு மாற்றுப் பாலினத்தவர் பக்கத்திலிருந்து கண்டனம் கொட்டியது. தலைப்பு துல்லியமாக இல்லை என்று பி.பி.சி.யின் புகார்ப் பிரிவே பின்னர் சொன்னது.

அந்தப் புகார்ப் பிரிவு செய்த இன்னொரு வேலையையும் கேளுங்கள். 2025 ஜூனில் மார்டீன் குரோக்ஸால் என்ற செய்தி வாசிப்பாளர், எழுதிக் கொடுத்ததில் 'கர்ப்பமாக இருக்கும் நபர்கள்' என்று (தன்னைப் பெண்ணாகக் கருதாதவரும் கர்ப்பமாகலாம் என்பதால் சிலர் விரும்பும் சொல்) இருந்ததை வாசித்த கையோடு, 'பெண்கள்' என்று திருத்திச் சொன்னார். சொல்லும்போது முகம் ஒரு மாதிரி போனது. அவ்வளவுதான். வந்த 20 புகார்களையும் ஏற்று, அந்த முகபாவம் சொந்தக் கருத்தைக் காட்டுவதாகத் தோன்ற இடம் கொடுத்தது என்று தீர்ப்பு. ஒரு புருவ அசைவுக்கு இவ்வளவு பெரிய பஞ்சாயத்தா என்று நானும் சிரித்தேன். ஆனால் அங்கே பஞ்சாயத்து வைக்க ஓர் இடம் இருக்கிறது, தீர்ப்பை ஊரறியப் போடுகிறார்கள். 'இரண்டு பக்கமும் திட்டுகிறது, ஆகவே நாங்கள் நடுநிலை' என்ற பத்திரிகைக்காரர்களின் பழைய சமாதானத்தில் மட்டும் எனக்கு நம்பிக்கை கிடையாது. இரண்டு பக்கத்துக்கும் தப்பு செய்தாலும் இரண்டு பக்கமும் திட்டத்தான் செய்யும்.

இப்போது உங்கள் 'அடக்கம்'. சித்திரை மாதம் கூவாகத்தில் கூத்தாண்டவர் திருவிழா. இங்கே புதுச்சேரிப் பக்கம் பிள்ளையார்குப்பத்திலும் உண்டு. டி.வி.யில் என்ன பார்க்கிறோம்? மல்லிகைப் பூ, பட்டுப் புடவை, பூசாரி தாலி கட்டும் கை. விழுப்புரம் மேடையில் அழகிப் போட்டி. மறுநாள் காலை தாலி அறுத்து, வளையல் உடைத்து, ஒப்பாரி. அழுகிற முகத்துக்கு ஒரு க்ளோஸ்அப், மேலே ஒரு சோகப் பின்னணி இசை. முடிந்தது, அடுத்த சித்திரைக்குப் பார்க்கலாம். தாலி கட்டிக்கொண்டவர் ஊருக்குத் திரும்பி வாடகைக்கு வீடு கேட்டபோது என்ன ஆனது என்று கேட்க மைக் நீளுவதில்லை. தனியார் சேனல்களும் இதில் யோக்கியம் இல்லை. ஆனாலும் 2014 ஆகஸ்ட் 15 அன்று பத்மினி பிரகாஷைச் செய்தி வாசிக்க உட்காரவைத்தது கோவையின் லோட்டஸ் என்ற தனியார் சேனல்.

இது பிரிட்டன்காரர்களின் தலைவலி, நமக்கு ஏது இந்த விவாதம் என்பீர்கள். இருந்ததே! தன் பாலினம் எது என்று சொல்லும் உரிமை அவரவருக்கே என்று 2014 ஏப்ரல் 15 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. 2019இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டமோ, மாவட்ட ஆட்சியரிடம் விண்ணப்பித்துச் சான்றிதழ் வாங்கு என்றது. மாற்றுப் பாலினத்தவர்மீது நடக்கும் பாலியல் கொடுமைக்கு அன்று அந்தச் சட்டம் வைத்த அதிகபட்சத் தண்டனை 2 ஆண்டு. ஒரு பெண்ணுக்கு நடந்தால் பலாத்காரக் குற்றத்துக்குக் குறைந்தபட்சமே 10 ஆண்டு. திருநங்கையரும் திருநம்பியரும் இதை எதிர்த்துத் தெருவில் நின்றார்கள். நம் திருச்சி சிவா கொண்டுவந்து 2015இல் மாநிலங்களவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா என்ன ஆனது என்றும் கேட்டார்கள். அமைச்சருக்குக் கொடுத்த நேரத்தை அவர்களுக்கும் கொடுத்து தூர்தர்ஷன் நடத்திய விவாதம் ஒன்றைச் சொல்லுங்கள், அடுத்த இதழிலேயே நன்றியோடு போடுகிறேன்.

அலைவரிசை பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இலேயே சொல்லியாயிற்று. செய்தியை நேர்மையாகவும் சமநிலையோடும், மாறுபட்ட கருத்துகளைச் சேர்த்தும் தர வேண்டும் என்று, தூர்தர்ஷனையும் ஆகாசவாணியையும் நடத்தும் அமைப்புக்கான 1990ஆம் ஆண்டின் பிரசார் பாரதி சட்டமே சொல்கிறது. ஆக, வம்புக்குப் போவதுதான் அவர்களுடைய வேலை. போகாமல் இருந்தால் லாபம் யாருக்கு? அன்றன்றைக்கு அதிகாரத்தில் இருப்பவருக்கு. பேசுகிறவனின் சாய்வை நாம் காதால் கேட்டுப் பிடித்துவிடலாம். வாயே திறக்காதவனை எந்தப் புகாரில் பிடிப்பது?

நீங்களும் மக்கள் பணம் என்று எழுதியிருக்கிறீர்கள். அங்கே பி.பி.சி.யை நடத்த வீட்டுக்கு வீடு ஆண்டுதோறும் கட்டும் டி.வி. லைசென்ஸ் 2025இல் 174.50 பவுண்ட். பைசா கட்டியவன் எரிச்சல் வந்தால் கடுதாசி எழுதுகிறான். நாம் வரியாகக் கொடுத்துவிட்டு மறந்துவிடுகிறோம். ஒன்று செய்யுங்களேன். புதுச்சேரி வானொலி நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். ஒரு திருநங்கையையும், அவரோடு மரியாதையாக முரண்படக்கூடிய ஒருவரையும் எதிரெதிரே உட்காரவைத்து ஒரு மணி நேரம் பேசவிடுங்கள், நேயர்கள் போனில் கேள்வி கேட்கட்டும் என்று எழுதுங்கள். பதில் வந்தால் எங்களுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள்.