இறாலைத் தண்ணீரில் வேகவைத்தால் ஏன் ரப்பர் மாதிரி ஆகிவிடுகிறது?

தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது போடுவதால்தான். இறால் சதை 60 டிகிரி செல்சியஸைக் கொஞ்சம் தாண்டினாலே வெந்துவிடும். கொதிநீரிலேயே கிடந்தால் புரதம் இறுகி, உள்ளிருக்கும் நீரைப் பிழிந்து வெளியே தள்ளிவிடும்.

உரித்த ஓட்டையும் தலையையும் தயவுசெய்து எறியாதீர்கள், ருசியே அதில்தான் இருக்கிறது. ஒரு லிட்டர் தண்ணீரில் அவற்றோடு ஒரு மேசைக்கரண்டி உப்பு, நாலைந்து மிளகு, இரண்டு பல் பூண்டு சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு வடிகட்டுங்கள். அந்தச் சாற்றை மறுபடி சூடாக்கி, கொதி வந்ததும் அடுப்பை அணையுங்கள். குமிழ் அடங்கிய பிறகு கால் கிலோ இறாலைப் போட்டு மூடுங்கள். நடுத்தர அளவென்றால் மூன்று நிமிடம் போதும்.

ஆனால் கடிகாரத்தைவிட இறாலைப் பாருங்கள். கண்ணாடி போலிருந்த சதை வெள்ளையாகி, முதுகில் இளஞ்சிவப்பு ஏறி, அரைவட்டமாக வளைந்தால் சரியான பதம். வால் நுனி தலைப்பக்கத்தைத் தொடும் அளவுக்குச் சுருண்டால் பதம் தாண்டிவிட்டது.

வெளியே எடுத்த பிறகும் உள்சூட்டில் வெந்துகொண்டேதான் இருக்கும். அதனால் உடனே ஐஸ் தண்ணீரில் போட்டு, ஆறியதும் எடுத்து ஈரம் ஒற்றிவிடுங்கள்.