பெரியப்பா மகன் கிட்னி தரலாமா? கேரள எல்லையோர வாசகர்களின் கேள்விகள்

பெரியப்பா மகன் எனக்குக் கிட்னி தருகிறார். ஆபரேஷன் கோவையில். "சொந்த அண்ணன்தானே, எதற்குக் கமிட்டி?" என்கிறார்கள் வீட்டில். (கொழிஞ்சாம்பாறை)

வீட்டில் அவர் அண்ணன்தான், சட்டத்தில் அப்படியில்லை. 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தில் நெருங்கிய உறவினர் என்றால் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள் மட்டுமே. தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி 2011 திருத்தத்தில் சேர்ந்தார்கள். சித்தப்பா, மாமா, மச்சினன், மருமகள் என யார் தந்தாலும், தானத்தை விசாரித்து அனுமதி தரும் அங்கீகாரக் குழுவின் (வீட்டில் சொல்லும் கமிட்டி இதுதான்) ஒப்புதல் வேண்டும்.

கொடுப்பவருக்குப் படிவம் 3, இருவரும் சேர்ந்து கையெழுத்திடப் படிவம் 11. நீங்கள் கேரளம், மருத்துவமனை தமிழ்நாடு என்பதால் தாசில்தார் தரும் இருப்பிடச் சரிபார்ப்பு, அதாவது படிவம் 20-ம் தேவை. பலருக்கும் தாமதமாவது இதில்தான். டெஸ்டுகள் நடக்கும்போதே சித்தூர் தாலுகா ஆபீசில் மனு கொடுத்துவிடுங்கள். வில்லேஜ் ஆபீசில் உறவுச் சான்றிதழ் வாங்குங்கள். மலையாளத்தில் உள்ள காகிதங்களுக்கு நோட்டரி கையெழுத்துடன் ஆங்கில மொழிபெயர்ப்பு வைத்தால் கோவையில் திருப்பி அனுப்பமாட்டார்கள்.

குழு இருவரின் மூன்று ஆண்டு வருமான ஆதாரத்தையும் பழைய குடும்பப் போட்டோக்களையும் பார்க்கும். அண்ணனின் மனைவியிடமும் பேசும். அவருக்கு விஷயமே தெரியாது என்றால் சிக்கல்தான். உறுப்புக்குப் பணம் கைமாறுவது சிறைத் தண்டனைக்குரிய குற்றம். ஆனால் தானத்தால் அண்ணனுக்கு நேரடியாக ஏற்படும் செலவையும் கூலி இழப்பையும் ஈடுகட்டச் சட்டமே அனுமதிக்கிறது. பஸ் டிக்கெட் முதல் ஸ்கேன் பில் வரை எடுத்து வையுங்கள். குழு மறுத்தால் 30 நாளுக்குள் மாநில அரசிடம் மேல்முறையீடு செய்யலாம்.

மனைவி தருகிறார். அவருடைய ஆதாரில் அப்பா இனிஷியல், ரேஷன் கார்டில் என் இனிஷியல். (மறையூர்)

முதலில் ஆதாரைத் திருத்துங்கள், மற்ற காகிதங்களை அதற்கு ஒத்துவரச் செய்யுங்கள். கல்யாணம் பதிவாகவில்லை என்றால் இப்போதும் பதியலாம். கேரளத்தில் நடந்ததென்றால் பஞ்சாயத்தில், பழனியில் தாலி கட்டியிருந்தால் அந்தப் பகுதி சார்பதிவாளர் அலுவலகத்தில். கல்யாணப் போட்டோவும் கேட்பார்கள்.

தானம் தருபவர் பெண் என்றால் அவருடைய சம்மதத்தை, உறுப்பு பெறுபவரல்லாத ஒருவர் மூலம் உறுதிசெய்ய வேண்டும் என்பது 2014 விதி. அது சடங்காகப் போய்விடக் கூடாது. உங்கள் மனைவிக்கு உள்ளூர மனமில்லை என்றால் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளரிடம் (கோஆர்டினேட்டர்) தனியாகச் சொல்லலாம். காரணத்தைக் குடும்பத்திடம் சொல்ல வேண்டாம் என்றும் கேட்கலாம்.

கணவருக்கு 10 லட்சம் ஹெல்த் பாலிசி உண்டு. தானம் தரும் அவர் தங்கைக்கும் தனிப் பாலிசி உண்டு. யாருடையதில் கிளெய்ம் செய்வது? (வண்டிப்பெரியார்)

கணவருடையதில். தங்கைக்கு நோய் இல்லை என்பதால் அவருடைய பாலிசி இதற்குப் பணம் தராது. கணவரின் பாலிசியில் "உறுப்பு தானம் தருபவர் செலவு" என்ற பிரிவைத் தேடிப் படியுங்கள். உறுப்பை எடுக்கும் ஆபரேஷனுக்கும் அந்த அட்மிஷனுக்கும் பணம் வரும், அதுவும் அதே 10 லட்சத்துக்குள். பெரும்பாலான பாலிசிகளில் தங்கைக்கு ஆபரேஷனுக்கு முன் எடுக்கும் ஸ்கேன், எச்.எல்.ஏ. பொருத்தம், கிராஸ்மேட்ச் (இருவர் உடலும் ஒத்துப்போகுமா என்று பார்க்கும் ரத்த டெஸ்டுகள்) எதற்கும் பணம் கிடையாது. வீடு திரும்பியபின் தையலில் சீழ் பிடித்து மறுபடி சேர்ந்தால் அதற்கும் கிடையாது. உடம்பைக் கொடுத்தவரையே கைவிடும் இந்த விதி எனக்குச் சற்றும் ஏற்புடையதல்ல. ஆனாலும் இன்று நிலைமை இதுதான். அதனால் இவற்றுக்கான பணத்தைத் தனியாக எடுத்து வையுங்கள். எது உண்டு, எது இல்லை என்று கம்பெனியிடம் மெயிலில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

கிட்னிக் கோளாறு பாலிசி எடுக்கும் முன்பே இருந்ததா? அப்படியென்றால் காத்திருப்புக் காலம், அதாவது அந்த நோய்க்குப் பணம் தராத காலம், அதிகபட்சம் 36 மாதம். கிளெய்மை மறுத்தால் முதலில் கம்பெனிக்குப் புகார் எழுதுங்கள். ஒரு மாதத்தில் சரியான பதில் இல்லையென்றால் காப்பீட்டுப் புகார்களை விசாரிக்கும் இன்சூரன்ஸ் ஓம்பட்ஸ்மேனிடம் போகலாம். கேரளத்தில் வசிப்பவர்களுக்கு எர்ணாகுளம் அலுவலகம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம்.

கிட்னி கொடுத்தபின் எனக்குப் புதிய பாலிசி மறுக்கிறார்கள். ரத்தத்தில் கிரியாட்டினின் (கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவு) 1.2 என்பதுதான் காரணமாம். (கொல்லங்கோடு)

ஒரு கிட்னியுடன் இருப்பவருக்குக் கிரியாட்டினின் முன்பைவிடச் சற்றுக் கூடித்தான் இருக்கும். மீதமுள்ள கிட்னி ஈடுகொடுத்தாலும், சுத்திகரிக்கும் திறன் பழைய அளவில் சுமார் 70 சதவீதத்தில்தான் நிற்கும். அந்த எண்ணை மட்டும் பார்ப்பவர்கள் அதை நோயாக எடுத்துக்கொள்கிறார்கள். தானத்துக்கு முந்தைய ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, ஆண்டுதோறும் எடுத்த பி.பி., சிறுநீர்ப் புரத அளவுகள், கிட்னி டாக்டரின் (நெஃப்ராலஜிஸ்ட்) கடிதம் எல்லாவற்றையும் சேர்த்து மறுபடி விண்ணப்பியுங்கள். தானத்தை மறைக்க வேண்டாம். பிற்பாடு கிளெய்மே போய்விடும். தானம் தர இப்போது யோசிப்பவர்கள், ஆபரேஷனுக்கு முன்பே பாலிசி எடுத்துவிடுங்கள். டெஸ்டுகள் நடப்பதைப் படிவத்தில் கேட்டால் உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

கேரள ரேஷன் கார்டை வைத்துத் தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டில் சேரலாமா? (வேலந்தாவளம்)

முடியாது. அதற்குத் தமிழ்நாட்டு ரேஷன் கார்டும், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்ற சான்றும் வேண்டும். இதற்காக விலாசத்தை மாற்றவும் வேண்டாம். இருப்பிடம் முன்னுக்குப்பின் முரணாக இருந்தால் அங்கீகாரக் குழு சந்தேகப்படும்.

உடல் புதிய கிட்னியை எதிர்க்காமலிருக்கப் போடும் டாக்ரோலிமஸ் மாத்திரை வேறு கம்பெனியில் மலிவாகக் கிடைக்கிறது. மாற்றலாமா? (மூணாறு)

டாக்டரிடம் கேட்காமல் வேண்டாம். ரத்தத்தில் இந்த மருந்தின் அளவு கொஞ்சம் குறைந்தாலும் உடல் புதிய கிட்னியை எதிர்க்கத் தொடங்கும், கூடினால் மருந்தே கிட்னியைக் கெடுக்கும். டாக்டர் மாற்றித் தந்தால், அவர் சொல்லும் நாளில், காலை மாத்திரை போடுவதற்கு முன் ரத்தம் கொடுத்து அளவைப் பாருங்கள். பம்பளிமாஸ் பழத்தை அடியோடு விட்டுவிடுங்கள், அது மருந்தின் அளவை ஏற்றிவிடும்.