ஏற்காட்டில் ஐந்து பேர் வீட்டுக்கு வெந்நீர்: கேஸ் கீசர் வைக்கலாமா, ஹீட் பம்ப் வைக்கலாமா?

ஏற்காட்டில் வீடு கட்டுகிறோம், எது கட்டுப்படியாகும் என்று கேட்டிருக்கிறீர்கள். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டேன். (சேலத்துக்காரர்களுக்கு இந்தக் கவலையே இல்லை. சித்திரை மதியம் குழாயைத் திறந்தாலே வெந்நீர்தான்.)

முதல் நான்கு வருடம் கேஸ் கீசர். திறந்ததும் சூடு வரும். பேட்டரியில் பற்றிக்கொள்வதால் கரண்ட் போனாலும் கவலையில்லை. ஐப்பசி மழையில் சில்வர் ஓக் கிளை லைன் மேல் விழும் ஊரில் அது பெரிய விஷயம். ஆனால் ஐந்து பேருக்கு நாளைக்கு 200 லிட்டர் என்றால் 14.2 கிலோ சிலிண்டர் 23, 24 நாளில் காலி. அடுத்தது 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வர வேண்டும். தொட்டியில் பிரஷர் குறைந்தால் கீசர் பற்றாது, தலையில் சோப்போடு நிற்க வேண்டியதுதான்.

இதைவிட முக்கியமான ஒன்று. மாட்ட வந்தவர் பாத்ரூமுக்குள்ளேயே மாட்டிவிட்டுப் போய்விட்டார். குளிருக்கு ஜன்னலைச் சாத்திவிட்டுக் குளித்த என் மனைவி ஒரு நாள் தலை சுற்றி, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். கார்பன் மோனாக்சைடு, காற்று போதாமல் கேஸ் எரியும்போது வரும் விஷ வாயு. வாசனையே இருக்காது. அன்றைக்கே கழற்றி வெளிச் சுவருக்கு மாற்றினோம்.

அப்புறம் ஹீட் பம்ப். ஃபிரிட்ஜ் உள்ளேயிருக்கும் சூட்டை இழுத்து வெளியே தள்ளுகிறது அல்லவா, இது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீரில் ஏற்றுகிறது. ஒரு யூனிட் கரண்டுக்குச் சுமார் மூன்று யூனிட் சூடு. அதே 200 லிட்டருக்கு இரண்டு, இரண்டரை யூனிட்தான் ஆகிறது. ஆனால் மார்கழி விடியற்காலையில் ஓட்டினால் பாவம், மூச்சு வாங்கும். மதியம் 12 மணிக்கு ஓடும்படி டைமர் வையுங்கள். டேங்க் மறுநாள் காலை வரை சூடு தாங்கும். மூடுபனி நாளில் மிஷினிலிருந்து தண்ணீர் சொட்டும். லீக் என்று பயந்தோம், காற்றின் ஈரம்தான். இப்போது அம்மா அடியில் வாளி வைத்துப் பிடித்து மிளகுக் கொடிக்கு ஊற்றுகிறார்.

எங்களுக்கு லட்சத்துக்கு மேல் ஆனது. இரண்டு மாத பில்லில் 130, 150 யூனிட் கூடும். ஏற்கெனவே 400ஐத் தொடுகிறவர் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள், 500ஐத் தாண்டினால் கீழ் ஸ்லாபுக்கும் சேர்த்து ரேட் ஏறும்.

நான் ஹீட் பம்ப்தான் சொல்வேன். பழைய கீசரையும் தூக்கிப்போடவில்லை. இரண்டாவது நாளும் கரண்ட் வராவிட்டால் அதுதான் கை கொடுக்கிறது.