மெய்டன் காசில்: வெறும் மண்மேடு எப்படிக் கோட்டையானது?

கல் மதில் இல்லாமல் மண்மேட்டை வைத்து எதிரியை எப்படித் தடுத்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். மேட்டை மட்டும் பார்த்தால் புரியாது, பக்கத்துப் பள்ளத்தையும் சேர்த்துப் பாருங்கள். இங்கிலாந்தின் டார்செட் பகுதியிலுள்ள மெய்டன் காசிலில் குன்றின் சுண்ணாம்புப் பாறையை அகழியாக வெட்டி, வெட்டியதையே கரையாகக் குவித்தார்கள். பள்ளத்தில் நிற்பவனுக்குக் கரை இரட்டை உயரம்! கி.மு. 600 வாக்கில் சுமார் 6 ஹெக்டேரில் தொடங்கியது, பின்னர் 19 ஹெக்டேராகி, கரைகளும் அடுக்கடுக்காகப் பெருகின.

வாசலுக்கும் நேர்வழி கிடையாது. வளைந்து வளைந்துதான் போக வேண்டும், அதற்குள் மேலிருந்து கவண்கல் பறக்கும். கிழக்கு வாசலருகே மட்டும் 20,000-க்கு மேற்பட்ட கூழாங்கற்கள் குவியலாகக் கிடைத்தன. எல்லாம் கடற்கரையிலிருந்து சுமந்து வந்தவை.

1934–37இல் இங்கே தோண்டியவர் பிரிட்டிஷ் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர். (1945இல் நம் அரிக்கமேட்டைத் தோண்டிய அதே ஆள்தான்.) முதுகெலும்பில் இரும்பு ஆயுதமுனை சிக்கிய எலும்புக்கூட்டைப் பார்த்ததும், ரோமானியர் கோட்டையைத் தாக்கி வீழ்த்தினார்கள் என்று விறுவிறுப்பாக எழுதிவிட்டார். 1985–86இல் மறுபடி தோண்டியபோது அந்தக் கதை ஆட்டம் கண்டது. அடிபட்டுச் செத்தவர்கள் உண்டு, ஆனால் எல்லோரும் ஒரே போரில் விழுந்தவர்கள் அல்ல. ரோமானியர் வருமுன்பே குன்றில் குடியிருப்பு பெரிதும் குறைந்திருந்தது.