எலியின் பாதமும் அப்பத்தாவின் ஒத்தடமும்

கேள்வி: முழங்கால் வீங்கினால் எங்கள் அப்பத்தா கண்மாய்க் கரையிலிருந்து நொச்சி இலையை ஒடித்துவரச் சொல்லி, வதக்கித் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்துக்கொள்வார். மருந்தியல் படிக்கும் என் மகளோ, நொச்சிச் சாரம் எலியின் பாத வீக்கத்தைக் குறைத்ததாக ஆய்வுக் கட்டுரைகளே இருக்கின்றன என்கிறாள். அப்படியானால் அப்பத்தாவின் வைத்தியம் மெய்யென்று நிறுவப்பட்டுவிட்டதா?
– வாசகி, காரைக்குடி

பதில்: கட்டுரைகள் இருப்பது உண்மைதான். ஆனால் அவற்றில் சோதிக்கப்பட்டது உங்கள் அப்பத்தாவின் ஒத்தடம் அன்று.

ஆய்வகத்தில் இலையை நிழலில் உலர்த்திப் பொடித்து, எத்தனாலிலோ மெத்தனாலிலோ ஊறவைத்து, பிறகு அந்தத் திரவத்தை ஆவியாக்கினால் மிஞ்சும் கரும்பசைதான் சாரம். அதை எலியின் வாய்வழியே செலுத்திவிட்டு, சற்று நேரம் கழித்துப் பின்னங்காலின் உள்ளங்காலில் ஒரு சதவீதக் காராஜீனன் கரைசலை 0.1 மில்லிலிட்டர் அளவு ஊசியால் ஏற்றுவார்கள். காராஜீனன் என்பது செம்பாசியிலிருந்து எடுக்கப்படும் பசை. ஐஸ்கிரீமைக் கெட்டியாக்குவதும் இதே வகைப் பொருள்தான். 1962-இல் வெளியான இம்முறைதான் இன்றும் பெரும்பாலான கட்டுரைகளில் காணப்படுகிறது. காலைத் திரவத்தில் அமிழ்த்தி, அது எவ்வளவு திரவத்தை விலக்குகிறது என்று மணிக்கு மணி அளப்பார்கள். முதலில் எழும் வீக்கத்துக்கு, உடலே வெளியிடும் ஹிஸ்டமின், செரட்டோனின் என்னும் வேதிப்பொருள்கள் காரணம். மூன்றாம் மணி நேரத்தையொட்டி, வீக்கத்தையும் வலியையும் தூண்டும் புரோஸ்டகிளாண்டின் என்னும் மற்றொரு பொருள் மேலோங்குகிறது. ஆகவே மூன்றாம் மணியில் வீக்கம் தணிந்தால், ஆஸ்பிரினைப் போல் இச்சாரமும் புரோஸ்டகிளாண்டின் உற்பத்தியைத் தடுக்கிறதோ என்று ஐயுறலாம். ஆஸ்பிரினின் இச்செயலை 1971-இல் ஜான் வேன் கண்டறிந்தார். 1982-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது. அதே சோதனையில், வீக்கம் தணிக்கும் மருந்துகளான இண்டோமெத்தசினோ டைக்ளோஃபெனாக்கோ பெற்ற எலிக்குழு ஒன்று இல்லையென்றால், கட்டுரை சொல்லும் சதவீதத்தை எதனோடு ஒப்பிடுவது என்று மகளிடம் கேளுங்கள்.

வலிக்குச் சோதனைகள் வேறு. சுண்டெலியின் வயிற்றுக்குள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைச் செலுத்தி, அது எத்தனை முறை உடலை முறுக்குகிறது என்று எண்ணுவது எளிது, ஏமாற்றவும் வல்லது. தூக்கம் வரவழைக்கும் பொருளும் தசையைத் தளர்த்தும் பொருளும்கூட அந்த எண்ணிக்கையைக் குறைத்துவிடும். 55 டிகிரி செல்சியஸ் சூடான தட்டில் விட்டு, பாதத்தை நக்கவோ துள்ளவோ எத்தனை நொடி ஆகிறது என்று பார்ப்பது மற்றொரு முறை. பாதம் வெந்துவிடாதபடி, வரம்பாக வைத்த நொடிகள் கடந்ததும் விலங்கை எடுத்துவிட வேண்டும். இதில் மார்பின் போன்ற கடும் வலிநிவாரணிகளின் பலன் நன்கு தெரியும், ஆஸ்பிரின் வகையின் பலன் அவ்வளவாகத் தெரியாது. முதல் சோதனையை மட்டும் செய்துவிட்டு ‘வலிநிவாரணி’ என்று தலைப்பிடும் கட்டுரைகளை நான் பாதிதான் நம்புவேன்.

அளவையும் பாருங்கள். எலிக்குக் கிலோவுக்கு 200 மில்லிகிராம் கொடுத்ததாகப் பல கட்டுரைகளில் படிக்கலாம். எலிக்கும் மனிதருக்கும் உள்ள உடற்பரப்பு வேறுபாட்டைக் கருதி, மனிதருக்கு மாற்ற அதை 6.2-ஆல் வகுப்பது வழக்கம். 60 கிலோ எடையுள்ளவருக்கு ஏறத்தாழ 1.9 கிராம் சாரம் ஆகிறது. நூறு கிராம் இலைப்பொடிக்குப் பத்துக் கிராம் சாரம் கிடைப்பதாக வைத்துக்கொண்டால், ஒரு வேளைக்கு 19 கிராம் உலர்ந்த பொடி வேண்டும். நொச்சியின் கசப்பை அறிந்தவர் யாரும் அதற்கு இசைய மாட்டார்.

அப்பத்தா செய்ததோ வெளிப்பூச்சும் சூடும். சூடே வலியைத் தணிக்கும். இலையின் பங்கை அறிய வேண்டுமானால், முழங்கால் வலியுள்ளவர்களில் ஒரு சாராருக்கு நொச்சி முடிச்சும் மற்றவர்களுக்கு அதே சூட்டில் வேறு இலை முடிச்சும், எது எதுவென்று சொல்லாமல் கொடுத்துப் பார்க்க வேண்டும். நொச்சியின் வாசனை காட்டிக்கொடுத்துவிடுமே என்பதுதான் இதில் பெரிய தொல்லை.

கேள்வி: முடக்குவாத மாத்திரையை நிறுத்திவிட்டு முடக்கத்தான் சாறு குடிக்கலாமா?
– வாசகர், தேவகோட்டை

பதில்: கூடாது. எலியின் பாத வீக்கம் சில மணி நேரத்தது. முடக்குவாதமோ ஆண்டுக்கணக்கில் மூட்டை அரிப்பது. மாத்திரையை நீங்களாக நிறுத்தினால் அந்த அரிப்பு தொடரும். முடக்கத்தான் தோசைக்குத் தடையில்லை. நாள்தோறும் சாறாகக் குடிப்பதானால், குறிப்பாக இரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவராயின், மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.