கனத்த காப்பரை எதில் வெட்டுவது? – கேள்வி பதில்

மேலப்பாளையம்: அண்ணாச்சி, பழைய பேனல் போர்டில் கழற்றிய பஸ்பார் (மின்சாரம் கடத்தும் காப்பர் பட்டை) குவிந்து கிடக்கிறது. 100 மி.மீ. அகலம், 10 மி.மீ. கனம். எதில் வெட்டலாம்?

ஹைட்ராலிக் ஷியர் (கத்தரி மாதிரி நறுக்கும் மெஷின்) கிடைத்தால் வேறு எதையும் யோசிக்காதீர்கள். வாள் 2.5 மி.மீ. அகலத்துக்குத் தின்றால், உங்கள் பஸ்பாரில் ஒரு வெட்டுக்குச் சுமார் 22 கிராம் தூளாகப் போகும். 45 வெட்டுக்கு ஒரு கிலோ! ஷியரில் தூளே கிடையாது.

ஷியர் இல்லையென்றால் பேண்ட்சா, அதாவது வளையமாகச் சுற்றும் பட்டை வாள். எப்போதும் 3 பல்லாவது உலோகத்துக்குள் இருக்க வேண்டும். அதற்காக ரொம்பப் பொடிப் பல்லும் ஆகாது. காப்பர் இளக்கமானது, இடுக்கில் அப்பிக்கொள்ளும். பிளேடுக்கு மெழுகு தடவுங்கள். கீழே தகரத் தட்டு வையுங்கள், இரும்புத் தூளோடு கலந்தால் விலை போகாது. அப்புறம், கிரைண்டரில் மரம் அறுக்கும் பல் பிளேடை மாட்டவே மாட்டாதீர்கள்.

வள்ளியூர்: காற்றாலைப் பக்கம் இருந்து மணிக்கட்டு கனத்தில் கேபிள் வந்திருக்கிறது.

ராட்செட் கேபிள் கட்டர் போதும். மேலே இரும்புக் கம்பிச் சுற்று இருந்தால் அதை முதலில் உரித்துவிடுங்கள், இல்லையென்றால் கட்டரின் வாய் போய்விடும். தோலை எரிக்காதீர்கள். அந்தப் பிவிசி புகை விஷம். கறுத்த கம்பிக்கு விலையும் குறைவு.

அம்பாசமுத்திரம்: கேஸ் கட்டர் இருக்கிறது. அதிலேயே அறுக்கலாமா?

கூடாது. கேஸில் சிவந்த இரும்பு ஆக்சிஜனில் எரிகிறது. அந்தச் சூடே அடுத்த இரும்பையும் எரிக்கிறது. காப்பர் அப்படி எரியாது. அது 1085 டிகிரியில் உருகும், அதன் ஆக்சைடு உருக 1235 டிகிரி வேண்டும். அந்த ஆக்சைடு தோலாக வெட்டை மறித்துக்கொள்ளும். போதாததற்குச் சாதா இரும்பைவிட ஏழெட்டு மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்திவிடும்.

பேட்டை: நாங்கள் பல வருஷமாகக் கேஸில்தான் அறுக்கிறோம். அறுபடத்தானே செய்கிறது?

அது அறுப்பது இல்லை தம்பி, உருக்கி வழியவிடுவது. வழிந்தது தரையில் மண்ணோடு போகிறது. வெட்டுவதற்கு முன்னும் பின்னும் எடை போட்டுப் பாருங்கள்.

பேட்டை, மறுபடியும்: நேரம் மிச்சமாகிறதே அண்ணாச்சி.

எங்கே மிச்சம்? கட்டி முழுக்கச் சூடேறக் காத்திருக்கிறீர்கள், சிலிண்டர் காலியாகிறது, வழிந்ததைச் சுத்தியலால் பெயர்க்கிறீர்கள். மேலே என்ன பூச்சு இருந்தது என்று தெரியாமல் அந்தப் புகையையும் குடிக்கிறீர்கள். பிளாஸ்மாவில் (மின்பொறியில் கொதிக்கும் வாயுவால் வெட்டும் மெஷின்) காப்பர் வெட்டுப்படும். ஆனால் இந்தக் கனத்துக்குப் பெரிய ஆம்பியர் மெஷின் வேண்டும், அதிலும் உருகிச் சிந்தத்தான் செய்யும். பழைய சாமானை வெட்ட அது தேவையில்லை.

பாளையங்கோட்டை: கிரைண்டரில் கட்டிங் வீல் போடலாமா?

மெல்லிய பட்டைக்குச் சரி. கனத்ததற்கு வேண்டாம்: வீலில் காப்பர் அப்பி, சூடேறி, இடுக்கில் பிடித்தால் வீல் தெறிக்கும்.

டவுண்: கிரைண்டரில் பல் பிளேடு?

முதல் பதிலிலேயே சொல்லிவிட்டேன். கூடாது. கடித்து உதறினால் கை போகும்.

நாங்குநேரி: கிலோ என்ன விலை?

அன்றன்றைக்கு மாறும், கடையில் கேளுங்கள்.

தென்காசி: பழைய டிரான்ஸ்பார்மர் காயில், எண்ணெயோடு இருக்கிறது.

வாளைத் தொடாதீர்கள். பழைய எண்ணெயில் பிசிபி என்ற நச்சு ரசாயனம் இருக்கலாம். சோதித்த பிறகுதான் பிரிக்க வேண்டும். அதுவரை தரையில் சிந்தாமல் ஒரு தொட்டிக்குள் வையுங்கள்.